வெள்ளிக்கிழமைப் பந்தி

மின்விசிறி கொஞ்சம் சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள் மேடம். எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி வாரக்கணக்காகிறது. வரதர் உற்சவம் நடக்கும்போது சின்ன காஞ்சிபுரத்தில் எந்த வேலைக்கும் ஆள் கிடைக்காது. அந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டால் காற்று வரும்.

உங்கள் அலுவலகத்துக்கே வந்து சொல்லியிருப்பேன். குழந்தைகள் நலப் பிரிவு என்று எழுதிய வண்டி வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கதவு திறக்கும். திறந்துவிட்டது. போகட்டும். எனக்கு மென்று விழுங்கிப் பழக்கமில்லை, நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வைதேஹி. என் வீட்டுக்காரர் ராமானுஜ், வங்கியில் வேலை. எங்களுக்கு ஒரே பெண், ஸுபத்ரா. ஒன்பது வயது, நாலாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளைத்தான் நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வருகிறீர்கள். எஸ்தர் டீச்சர் அவளுடைய வகுப்பாசிரியை. நல்லவர். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது.

ஸுபத்ராவுக்கு ஆறு வயதாகும்வரை என்ன வியாதி என்றே யாருக்கும் பிடிபடவில்லை. கையும் காலும் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் உப்பிக்கொண்டு நிற்கும். சப்பாத்தி சாப்பிட்டால் தெம்பு வரும் என்று நானே பிய்த்துப் பிய்த்து ஊட்டியிருக்கிறேன். கடைசியில் சென்னையில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். சீலியாக் என்று பேர் சொன்னார். கோதுமையில் இருக்கிற ஏதோ ஒன்று அவள் குடலை அரிக்கிறதாம். மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆயுசுக்கும் உள்ளே போகக் கூடாது. துளி போனாலும் புண்ணாகும். அவ்வளவுதான் வைத்தியம். இவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழந்தை பிறந்தநாளுக்கு ஒரு கேக் வெட்ட முடியாதே என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. காரணம் சொல்கிறேன். நான் மடியாகச் சமைக்கிறவள். குளித்துவிட்டு, யார் மேலும் படாமல் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன். என் பாத்திரத்தை இன்னொருவர் தொட்டால் மறுபடி தேய்ப்பேன். இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று என் நாத்தனார் கேலி செய்வாள், இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனித் துணி. வெளியில் சாப்பிடக் கூடாது, யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கல்யாணமான நாளாக நான் செய்துகொண்டிருந்ததை எல்லாம் அந்த டாக்டர் வைத்தியமாக்கிவிட்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

உணவு ஆலோசகர் என்று ஒரு பெண்ணிடமும் அனுப்பினார்கள். இவர் காரை எடுத்து வரப் போயிருந்தார், நான் மட்டும் இருந்தேன். எழுந்து வரும்போது அந்தப் பெண் கூப்பிட்டுச் சொன்னாள்: “பெருங்காயத்த மறந்துடாதீங்க மேடம். கடையில விக்கிறது எல்லாம் கூட்டுப் பெருங்காயம். பாதிக்கு மேல கோதுமை மாவுதான்.” எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள், சாத்தமுதோ குழம்போ பெருங்காயம் இல்லாமல் இறங்காது. அன்றைக்கே டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். இவரிடம் காரணம் சொல்லவில்லை. குழந்தைக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன், சரி என்றார். எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டால் பிறகு நான் எதற்கு?

பள்ளிக்கூடத்துக்குத் தினமும் மதியம் நானே ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோவேன். மற்ற பிள்ளைகள் ஹாலில் சாப்பிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மேடையில் உட்காருவோம். நான் பிசைந்து கையில் போடுவேன், அவள் சாப்பிடுவாள். யாராவது பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொடுத்தால் வாயில் போட மாட்டாள். உறை பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் வைத்து, “இதை நான் சாப்பிடலாமாம்மா?” என்று கேட்பாள். நான் பார்த்துச் சொல்வேன். வேண்டாம் என்றால் மறு பேச்சு கிடையாது. இந்தக் காலத்தில் எந்தப் பெண் அம்மாவை அப்படிக் கேட்கிறது, சொல்லுங்கள். அந்தச் சிமெண்ட் மேடைதான் என் நாளில் நல்ல பொழுது. அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

போன வருஷம் பள்ளி திறந்தபோது எஸ்தர் வந்தார். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ். சின்ன வயசு, கல்யாணமாகவில்லை. வந்த சில நாளிலேயே மேடைக்கு வந்து எங்கள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா, பாப்பா ஏன் இங்க தனியா குந்திக்கினு சாப்பிடுது? கிளாஸ்ல இதுக்கு ஆஸ்பத்திரி டப்பான்னு பேரு வெச்சிருக்குதுங்க பசங்க. தெரியுமா உங்களுக்கு?”

எனக்குத் தெரியாது. ஸுபத்ராவைப் பார்த்தேன், அவள் தட்டைப் பார்த்தாள்.

“என்னா சாப்பிடக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்.”

அதற்கு அடுத்த சனிக்கிழமை இந்த வீட்டுக்கே வந்தார். எனக்குச் சாதி வித்தியாசமெல்லாம் கிடையாது, மேடம். சமையலறை வாசல்வரை வரச் சொல்லி, ஸ்டூல் போட்டேன். அவர் போன பிறகு தரையைத் துடைத்தேன், அது தினமும் துடைப்பதுதான். நன்றாகக் கேட்டுக்கொண்டார். ரவை உப்புமா, சேமியா, பிஸ்கட், பேக்கரி சாமான், பாலில் கலக்கிற மால்ட் பவுடர், கடை சோயா சாஸ் எல்லாம் சொன்னேன். ஒரே எண்ணெயில் பூரி பொரித்துவிட்டு அப்பளம் பொரித்தால் அதுவும் ஆகாது என்றேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி.

“அவ்ளோதானாமா? வேற எதுவும் இல்லையே?”

“அவ்வளவுதான்” என்றேன்.

பெருங்காயத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்துபோயிற்று என்று பிற்பாடு நானே எனக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. மறக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. ஸுபத்ரா அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டீச்சரின் துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் வார்த்தையை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டேன்.

ஆடி மாதத்தில் எஸ்தர் ஒரு காரியம் ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை மட்டும் வகுப்பு முழுக்க வரிசையாகப் பாய் போட்டு உட்கார்ந்து பந்திச் சாப்பாடு. எல்லோரும் கோதுமை இல்லாத பண்டம் கொண்டுவர வேண்டும். யாருக்காக என்று சொல்லக் கூடாது. ஒருவர் கொண்டுவந்ததை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பட்டுத்தறி வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், கோயில் கைங்கர்யம் செய்கிறவர்கள், எல்லா வீட்டுப் பெண்களும் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

ஸுபத்ரா வியாழக்கிழமையே என்னிடம் சொல்லிவிட்டாள்.

“வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம்மா. எல்லாரும் ஒண்ணா உக்காண்டு சாப்பிடப் போறோம். நீ வந்தா நான் மட்டும் எழுந்து வரணும்.”

“ஊட்டிவிட வேண்டாமா?”

“எனக்குச் சாப்பிடத் தெரியும்மா.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, “நல்லதுதானே வைதேஹி. ஒரு நாளாவது உனக்கு ரெஸ்ட்” என்றார். ரெஸ்ட் யார் கேட்டது?

நான் போனேன். வர வேண்டாம் என்றுதான் சொன்னாள், பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லையே. வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் பெண் நடு வரிசையில், இரண்டு பக்கமும் பிள்ளைகள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, திரிஷா என்கிற பெண்ணின் டப்பாவில் கையை விட்டு எலுமிச்சை சாதத்தை அள்ளி வாயில் போட்டாள். கன்னம் இரண்டும் உப்பி, ஏதோ சொல்லிச் சிரித்து, பருக்கை வெளியே தெறித்தது. எஸ்தர் அதைத் துடைத்துவிட்டார். வாயை நிறைத்துக்கொண்டு என் பெண் சிரித்து நான் பார்த்ததே இல்லை, மேடம். எனக்குப் பற்றி எரிந்தது. பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. பெற்று, ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்து, இரண்டு வருஷம் மதிய வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டினவள் நான். பஸ்ஸில் வந்து இறங்கின ஒருத்தி ஒரு பாயை விரித்து என் பெண்ணை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மன்னியுங்கள், போய்விட்டார்.

எலுமிச்சை சாதம் என்றேன் இல்லையா? தாளிப்பில் எல்லோரும் பெருங்காயம் போடுவார்கள். சுண்டலில் போடுவார்கள், புளியோதரையில் போடுவார்கள். எங்கள் ஊர்க் கோயில் இட்லி இருக்கிறதே, மிளகு, சீரகம், சுக்கோடு அதற்கும் பெருங்காயம்தான் மணம். திரிஷாவின் அம்மா தீபிகாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் வீடு, வீட்டுக்காரர் தறி நெய்கிறார். அந்தப் பெண் தனியாக எனக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டது. “அக்கா, நாளைக்குக் கோயில் இட்லி வெச்சி அனுப்பட்டுமா? அரிசியும் உளுந்தும்தான்கா. பாப்பாவுக்கு ஒத்துக்கும் இல்ல?” நான் கைகூப்புகிற படம் ஒன்று போட்டு, ‘தாராளமாக’ என்று பதில் அனுப்பினேன். அரிசியும் உளுந்தும் அவளுக்கு ஒத்துக்கொள்ளும். தீபிகா கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை.

ஒரு நாளில் எதுவும் ஆகிவிடவில்லை. சில வெள்ளிக்கிழமைகள் போனதும் சனிக்கிழமை தோறும் வயிற்றைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். வாயில் புண், பேதி, களைப்பு. நான் மடியில் போட்டுக்கொண்டு கஞ்சி கொடுத்தேன். அவள் தலை என் மடியில் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பூனை நீட்டினால் வாயைத் திறப்பாள். மற்ற நாளெல்லாம் அவர்களுக்கு, சனியும் ஞாயிறும் எனக்கு. அப்படி ஒரு பங்கீடு தானாக அமைந்துவிட்டது. இதில் நான் எதையும் கலக்கவில்லை, யார் கையையும் பிடித்துப் போடச் சொல்லவில்லை.

தீபாவளி சமயத்தில் எஸ்தர் மறுபடி வந்தார். முகம் வாடிப் போயிருந்தது.

“வெள்ளிக்கிழமை சாப்பாட்டுலதாம்மா என்னமோ போவுது. எல்லாத்தையும் பாத்துக்கினுதான் இருக்கேன். நான் எதை விட்டுட்டேன்னே தெரியல. நீங்களே சொல்லுங்கமா, எதை விட்டுட்டேன் நானு?”

அழுதுவிட்டார். நான் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். “நீங்க ஒண்ணும் விடலை, கவலைப்படாதீங்கோ. அவளோட உடம்பு அப்படி” என்றேன். பந்தியை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. சமைத்த பண்டமே வேண்டாம் என்று மாற்றிவிட்டார். வாழைப்பழம், அவித்த வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இளநீர். உப்பைத் தவிர ஒன்றும் சேர்க்காத பண்டங்கள். பிள்ளைகளுக்கு அது இன்னும் கொண்டாட்டமாகிவிட்டது. ஸுபத்ராவுக்கு வயிற்று வலி நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. சனிக்கிழமை என் மடியில் படுக்க வேண்டியவள் தெருவில் பாண்டி விளையாடினாள்.

பள்ளி நாளில் நான் சாப்பாடு கொண்டுபோவதும் அதோடு நின்றது. மற்ற பிள்ளைகளைப் போலக் காலையிலேயே டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடு என்றாள். கட்டிக் கொடுத்தேன்.

மார்கழியில் ஒரு நாள் கடைத்தெருவிலிருந்து கடலை மிட்டாய் பாக்கெட் வாங்கி வந்தேன். கடலையும் வெல்லமும், வேறொன்றும் இல்லை, நானே பார்த்துத்தான் வாங்கினேன். கையில் கொடுத்தேன். பிரிக்கவில்லை. திருப்பிப் பின்பக்கம் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். எஸ்தர் வகுப்பில் எல்லோருக்கும் அப்படிப் படிக்கப் பழக்கியிருக்கிறார்.

“இதுல சின்ன எழுத்துல என்னமோ போட்டிருக்கும்மா. மிஸ்ஸுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேளு.”

“நான் பார்த்துட்டேன்டி. சாப்பிடலாம்.”

“மிஸ்ஸையும் கேளும்மா. ப்ளீஸ்.”

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் எஸ்தர் ஒரு கட்டைவிரல் படம் போட்டார். அதைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் என் பெண் என் எதிரில் வாயைத் திறந்தாள்.

அன்றைக்கு என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். எதுவும் நினைக்கவில்லை. பாத்திரம் தேய்த்தேன். கோலமாவு சலித்தேன். அவளுக்கு நான் வேண்டாம் என்பது மட்டும் உள்ளே நின்றுகொண்டே இருந்தது, பல்லில் மாட்டின நார் மாதிரி.

பொங்கலுக்கு ஸுபத்ரா கரும்பு அதிகமாகத் தின்றுவிட்டாள். வயிறு வலிக்கிறது என்று என்னிடம் வந்தாள். என்னிடம்தான் வந்தாள், கவனியுங்கள். வயிற்று வலி என்றால் எந்த வீட்டிலும் என்ன கொடுப்பார்கள்? மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுப்பார்கள். நம் ஊரில் எந்தத் தாயும் செய்கிற கை வைத்தியம். வீட்டில் பெருங்காயம் இல்லை. இவரை அனுப்பி வாங்கி வரச் சொன்னேன். வாங்கிக்கொண்டு வந்தது அவர்தான், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரை ஸ்பூன் போட்டு ஆற்றிக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். மறுநாள் வலி அதிகமாக இருந்தது. அதற்கும் மோர் கொடுத்தேன்.

பிறகு பள்ளிக்கும் ஒரு சின்ன பாட்டிலில் கொடுத்து அனுப்பினேன். தினமும். வலிக்கு மோர், மோருக்கு வலி, அது அதுபாட்டுக்கு ஓடியது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பூசி மெழுகுகிறேன் என்பீர்கள். பெருங்காய டப்பாவில் இருந்ததைப் பழைய சுக்குப் பொடி பாட்டிலில் கொட்டி வைத்துக்கொண்டேன். டப்பாவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்திருப்பான். ஸுபத்ரா எதைப் பார்த்தாலும் திருப்பிப் படிக்கிற பெண்ணாகிவிட்டாள் இல்லையா.

“மோர்ல என்னம்மா போட்ட?” என்று ஒரு தடவை கேட்டாள்.

“சுக்கு” என்றேன்.

அந்த ஒன்று மட்டும் பொய். அதை ஒத்துக்கொள்கிறேன்.

மாசி மாதத்தில் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. தலைமுடி சீப்போடு வந்தது. சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டர், வெளியில் எங்கேயோ கோதுமை போய்க்கொண்டிருக்கிறது, பள்ளியில் விசாரியுங்கள் என்றார். பள்ளி என்று நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர்தான் சொன்னார். இவர் பதறிக்கொண்டு பிரின்சிபாலைப் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். எஸ்தரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னையே பார்த்தார்.

வெளியே வரும்போது படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் எவ்ளோ ஜாக்கிரதையா இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. வேலை போயிடும் எனக்கு.”

“நான் என்னத்தைச் சொல்றது? குழந்தையைப் பார்த்தேளா நீங்க?” என்றேன்.

வேலை போயிற்று. வெள்ளிக்கிழமைப் பந்தியும் போயிற்று. ஸுபத்ராவைத் தொட்டால் தங்கள் மேல் பழி வரும் என்று பிள்ளைகளை அம்மாக்களே தள்ளி உட்கார வைத்தார்கள். நான் மறுபடி மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தோம். ஊட்டினதைச் சாப்பிட்டாள், அதைச் சொல்ல வேண்டும். இரண்டு வாய்க்கு ஒரு தடவை நிறுத்தி, “மிஸ் என்னாலதானே போயிட்டாங்க?” என்று கேட்பாள். இல்லை என்று சொல்லி அடுத்த வாயை நீட்டுவேன்.

நீங்கள் அடுத்ததாக என்ன கேட்பீர்கள் என்று தெரியும். டீச்சர்தான் போய்விட்டாரே, அப்புறமும் ஏன் கொடுத்தாய்? நியாயமான கேள்வி. இவரும் அதையேதான் கேட்டார். லீவு விட்டதும் நான் மோரை நிறுத்தினேன், மேடம். நிஜமாகவே நிறுத்தினேன். பத்து நாளுக்குள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். தெம்பு வந்ததும் முதல் காரியமாக அப்பாவிடம் போய், “எனக்குச் சரியாயிடுத்துப்பா. வாலாஜாபாத் போய் மிஸ்ஸைப் பார்க்கலாமா?” என்று கேட்டாள். அவரும், போனால் என்ன, பாவம், ஞாயிற்றுக்கிழமை போவோம் என்றார். காலையில் நான் எழுந்து பார்த்தபோது தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு, செருப்பு மாட்டித் தயாராக நின்றாள். வெயிலாக இருக்கிறது, குடித்துவிட்டுப் போ என்று மோர் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் நிறையப் போட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு போவதற்குள் வாந்தி எடுத்து, அவர் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நிறுத்தவில்லை.

சித்திரை முழுக்க அவள் என்னிடமே இருந்தாள். பள்ளி இல்லை, பந்தி இல்லை, வெளியார் ஒருவர் கை படவில்லை. எழுப்பி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டி, படுக்க வைத்தேன். எதற்கெடுத்தாலும் அம்மா, அம்மா என்றாள். கைக்குழந்தையாக இருந்தபோதுகூட அவ்வளவு கூப்பிட்டதில்லை.

நான் அங்கேதான் கோட்டை விட்டேன். மறுபடி ரத்தம் எடுத்தபோது முன்னைவிட மோசமாக இருந்தது. லீவில் எங்கே சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். இவ கைச் சாப்பாடு மட்டும்தான் என்று இவர் பெருமையாகச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அரிசி எங்கே வாங்குகிறீர்கள், மாவு எங்கே அரைக்கிறீர்கள், மிளகாய்ப்பொடி, பெருங்காயம்.

“பெருங்காயமா? அது நான்தானே மாசா மாசம் வாங்கிண்டு வரேன், குழந்தைக்கு மோர்ல போட” என்றார் இவர், ஏதோ நல்ல காரியம் செய்த மாதிரி.

அதில் கோதுமை மாவு இருப்பது தெரியாதா என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றார் இவர். அப்புறம் டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்கள். சொல்ல வாய் வரவில்லை. மூன்று வருஷம் அந்த ஒரு விஷயத்தை நான் ஒருத்திதான் தெரிந்து வைத்திருந்தேன். தெரியாது என்று சொன்னால் நான் எதற்கும் லாயக்கில்லாதவள் என்று ஆகிவிடும். “எனக்கு முதல் நாளே தெரியும்” என்றேன்.

அன்றிலிருந்து இவர் இந்த வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார். எஸ்தரைத் தேடிப் போய்க் காலில் விழுந்தாராம், என் நாத்தனார் போனில் சொன்னாள். எஸ்தர் வந்து ஸுபத்ராவைப் பார்த்தாராம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லையாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. பேசியிருக்கலாம்.

ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன். குடல் புண்ணாகும் என்று தெரியும், உயிருக்கே ஆபத்து வரலாம் என்றும் அவளுக்கு ஆறு வயதானபோதே டாக்டர் சொல்லியிருந்தார். யாரும் என்னைத் தூண்டவில்லை, எனக்குப் புத்தி பேதலிக்கவும் இல்லை. அந்த டீச்சரின் பிழைப்பைக் கெடுத்ததும் நான்தான். இதை எல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் குழந்தையைப் பிடிக்காமல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவளை என்னைவிட யாரும் பார்த்துக்கொண்டதில்லை.

வார்டில் பக்கத்துப் படுக்கைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து, தானே எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிறாள் என்று உள்ளே வரும்போது சொன்னீர்கள். தட்டு காலியாகிவிடுகிறது என்றீர்கள். நீங்கள் அவளைப் புதிதாகப் பார்க்கிறீர்கள், அதனால் அப்படித் தோன்றுகிறது. அவள் யார் மனதும் நோகக் கூடாது என்று விழுங்குகிறவள். பசியோடுதான் படுத்திருப்பாள். காலையில் நான் சாதத்தைக் குழைய வடித்துத் தயிர் விட்டுப் பிசைந்து, இந்தத் தெருமுனைவரை வந்து தருகிறேன். நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். சந்தேகமாக இருந்தால் வழியில் நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது.